பெயருக்கு ஒரு படம்

ரிக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெயர் எழுதுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியை உள்ளே இருக்கும் சோதனைகளுக்குக் கொடுத்திருந்தால் நம் துறைத் தலைவர்கள் எவ்வளவோ மகிழ்ந்திருப்பார்கள். ஸ்கெட்ச் பேனாவால் பட்டையாக எழுத்து. அதன் வலப்பக்கமும் அடிப்பக்கமும் பென்சிலால் நிழல். அந்த நிழலை விரல் நுனியால் லேசாகத் தேய்த்தால் ஒரு புகைமூட்டம். சுற்றிலும் கொடி, மூலையில் ஒரு ரோஜா. கையெழுத்து அழகாக உள்ளவனுக்கு ஹாஸ்டலில் ராஜ மரியாதைதான். "மச்சான், என் பேரையும் போட்டுக் குடுடா" என்று அவன் அறை வாசலில் கூட்டம் நிற்கும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிப் படிக்க வந்த தம்பி தங்கைகளுக்கும் இந்த ஆசை அப்படியே இருந்தது. கருவி மட்டும் மாறிவிட்டது. பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20, 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, 400, 500 புள்ளி அகலமும் 100, 150 புள்ளி உயரமும் உள்ள ஒரு பட்டைப் படத்தைச் செய்தார்கள். அதில் தன் பெயரைப் பளபளவென்று பொறித்து, மின்னஞ்சலின் அடியில் ஒட்டி அனுப்பினார்கள். பின்னணியில் நிலா, அருவி, மோட்டார் சைக்கிள், அபிமான நடிகர் என்று அவரவர் விருப்பம். இங்கு மட்டுமல்ல, அன்றைக்கு உலகம் முழுவதும் இளைஞர்கள் செய்த காரியம் இது. 'சிக்னேச்சர்' என்பார்கள், சுருக்கமாக 'சிக்'. நாம் இங்கே பெயர்ப்படம் என்று சொல்லிக்கொள்வோம்.

"இதுக்கெல்லாம் ஒரு வரலாறா?" என்று நம் வரலாற்றுத் துறை நண்பர்கள் புருவத்தை உயர்த்தலாம். உண்டு, ஐயா. மேலே ஒருவன் பெயர் மின்னுகிறது. அந்த மினுமினுப்புக்கு அடியில் எத்தனையோ பேருடைய பெயர்கள் தெரியாமல் கிடக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

செய்முறை ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. புதிய பக்கம் திறந்து அளவைக் கொடுப்பது. பின்னணிக்கு இரண்டு நிறங்களை ஒன்றில் ஒன்று கரையவிடுவது. ஒரு புகைப்படத்தில் வேண்டிய உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஓரத்தை மங்கலாக்கிப் பின்னணியோடு சேர்ப்பது. மேலே பெயர். பெயருக்கு நிழல், எழுத்தின் விளிம்புக்கு ஒரு மேடு, கடைசியாக ஒரு புள்ளி அகலத்தில் கறுப்புக் கரை. பழகியவர்களுக்கு அரை மணி நேர வேலை.

இதில் முதலில் வருகிற வெட்டி ஒட்டும் வேலை கணிப்பொறியைவிட மிகப் பழையது. 1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர், முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒரே தாளில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டு ஒரு பெரிய படத்தை உருவாக்கினார். 'வாழ்க்கையின் இரு வழிகள்' என்பது அதன் பெயர். ஒவ்வொரு நெகட்டிவையும் அச்சிடும்போது மற்ற இடங்களில் வெளிச்சம் படாமல் மறைக்க வேண்டும். அந்த மறைப்புதான் இன்றைய மென்பொருளில் 'மாஸ்க்'. டார்க் ரூமில் ஒரு பகுதி கறுத்துப் போகாமலிருக்க, கம்பியில் செருகிய சிறு அட்டையை வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டுவார்கள். ஒரு பகுதி கறுக்க வேண்டுமானால் கையைக் குவித்து அந்த இடத்தில் மட்டும் வெளிச்சத்தை விடுவார்கள். போட்டோஷாப்பின் கருவிப் பட்டையில் அந்தக் கம்பி அட்டையும் குவிந்த கையும் சின்னச் சின்னப் படங்களாக இன்னமும் இருக்கின்றன. டார்க் ரூமையே பார்த்திராத பிள்ளைகள், அது என்ன கை, அது என்ன குச்சி என்று தெரியாமலே தினமும் அவற்றை அழுத்துகிறார்கள்.

நம்மூர் ஸ்டூடியோக்களிலும் இந்த வித்தை இருந்தது. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைத்தவர்கள், கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பட்டுப் புடவையின் நிறத்தைத் தீட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். படத்தின் அடியில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். டச்சப் செய்தவர் பெயர் இருக்காது.

இனி கணிப்பொறிக்கு வருவோம். 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளர், மூன்று மாதக் குழந்தையான தன் மகனின் புகைப்படத்தை ஓர் உருளையில் சுற்றி, வெளிச்சத்தால் வருடி, கணிப்பொறிக்குள் ஏற்றினார். படம் 5 செ.மீ. சதுரம், 176-க்கு 176 புள்ளிகள். அவ்வளவுதான். ஏறத்தாழ 31 ஆயிரம் புள்ளிகள் கொண்ட அந்த மங்கலான குழந்தை முகத்திலிருந்துதான் நம்முடைய இன்றைய படங்கள் எல்லாம் கிளம்பின. ஒரு சாதாரணப் பெயர்ப்படத்தில் அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு புள்ளிகள் இருக்கும்!

கணிப்பொறித் திரையில் வண்ணம் தீட்டலாம் என்று காட்டியவர் ரிச்சர்ட் ஷூப். 1973-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த 'சூப்பர்பெயின்ட்' அன்றைக்கு ஓர் அதிசயம். ஆனால் நிறுவனத்துக்கு வண்ணத்தில் அக்கறை இல்லை. அங்கே அவரோடு வேலை பார்த்த ஆல்வி ரே ஸ்மித் வெளியே போய், எட் கட்முல் என்பவரோடு சேர்ந்து 1977-இல் ஒரு யோசனையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து வைப்பது. அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதை அது சொல்லும். அதற்கு 'ஆல்பா' என்று பெயர் வைத்தார்கள். வெட்டி எடுத்த உருவத்தின் ஓரம் கத்தரிக்கோல் பட்டதுபோல் துருத்தி நிற்காமல் பின்னணியில் கரைகிறதே, அது இந்த நான்காவது எண் செய்யும் உபகாரம். இப்படி ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். 1996-இல் இந்த நால்வருக்கும் ஆஸ்கார் குழு அறிவியல் தொழில்நுட்ப விருது தந்தது. பெயர்ப்படம் செய்த நம் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இந்த நால்வரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குறை சொல்லவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை.

1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் கணிப்பொறியோடு 'மேக்பெயின்ட்' வந்தது. எழுதியவர் பில் அட்கின்சன், 2025-இல்தான் மறைந்தார். கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். ஆனாலும் இன்றைக்கு நாம் எடுக்கும் சுருக்குக் கயிறு, வண்ண வாளி எல்லாம் அதில் அப்போதே இருந்தன. அவற்றின் சின்னஞ்சிறு உருவங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றிக் கோடுகள் எறும்பு சாரி போவதுபோல் ஊர்கிறதே, அந்த யோசனை அட்கின்சனுக்கு ஒரு மதுக்கடையில் ஓடிக்கொண்டிருந்த விளம்பரப் பலகையைப் பார்த்துத் தோன்றியதாம். கண்டுபிடிப்புக்கு இடம் பொருள் ஏவல் கிடையாது!

அடுத்தது நோல் சகோதரர்கள் கதை. கல்லூரி மாணவர்கள் கேட்க வேண்டிய கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அப்பா மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வீட்டின் நிலவறையில் அவருக்கு ஒரு டார்க் ரூம் இருந்தது. வீட்டில் கணிப்பொறியும் இருந்தது. அந்த வீட்டில் வளர்ந்த மூத்தவர் தாமஸ், 1987-இல் அதே பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. மாணவர். தன் மெக்கின்டாஷ் திரையில் கறுப்பு, வெள்ளை தவிர வேறு எதுவும் தெரியவில்லையே என்று, சாம்பல் நிறங்களைக் காட்ட ஒரு சின்ன நிரல் எழுதினார். ஆராய்ச்சிக்கு நடுவே பொழுதுபோக்காக எழுதியதுதான். தம்பி ஜான், சினிமா தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அண்ணனின் நிரலைப் பார்த்ததும், "இதில் அதைச் சேர், இதைச் சேர்" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று, ஓரத்தை மங்கலாக்க ஒன்று என்று நிரல் வளர்ந்தது. பி.எச்.டி. பின்னுக்குப் போனது. (இதை நம் ஆராய்ச்சி மாணவர்கள் முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம் என்று வழிகாட்டிகள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.)

தம்பி அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். பார்னிஸ்கேன் என்ற ஸ்கேனர் நிறுவனம் மட்டும் தன் கருவியோடு ஏறத்தாழ 200 பிரதிகளைச் சேர்த்து விற்றது. பிறகு அடோபி நிறுவனம் முன்வந்து, 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் முதல் பதிப்பு வெளியானது. அதுவும் மெக்கின்டாஷுக்கு மட்டும். செயல்விளக்கங்களில் ஜான் காட்டிய படம் அவர் 1987-இல் போரா போரா தீவின் கடற்கரையில் எடுத்தது. கடலைப் பார்த்தபடி மணலில் அமர்ந்திருக்கும் பெண், பின்னாளில் அவருடைய மனைவியானவர். அந்தப் பெண்ணை இரண்டாக்கிக் காட்டுவார், தீவை இரண்டாக்கிக் காட்டுவார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதல் பதிப்பின் மூல நிரலை 2013-இல் கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. ஏறத்தாழ 1 லட்சத்து 28 ஆயிரம் வரிகள், பெரும்பகுதி பாஸ்கல் மொழியில். எண்பதுகளின் இறுதியில் நம் கணிப்பொறி அறிவியல் மாணவர்கள் லேபில் மாங்கு மாங்கென்று எழுதினார்களே, அதே பாஸ்கல்தான். சகோதரர்கள் இருவருக்கும் 2019-இல் ஆஸ்கார் குழுவின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

ஆனால் இந்த முதல் பதிப்பில் ஒரு பெயர்ப்படம் செய்து பார்த்திருந்தால் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். எழுத்தை வைத்த மறுகணம் அது பின்னணியோடு ஒட்டிப் போகும். சிமெண்டில் பேர் எழுதினாற்போலத்தான். நகர்த்த வேண்டுமா? எழுத்துப் பிழையா? முதலிலிருந்து தொடங்கு. முந்தைய நிலைக்குத் திரும்பலாம், ஒரே ஒரு அடி மட்டும். எழுத்துக்குக் கீழே நிழல் விழ வேண்டுமானால், எழுத்தின் வடிவத்தை ஒரு 'சேனலில்' சேமித்து, நகல் எடுத்து, மங்கலாக்கி, நான்கு புள்ளி வலமும் கீழுமாக நகர்த்தி, எழுத்துக்கு உரிய இடத்தைக் கழித்து, மிச்சத்தில் கறுப்பை ஊற்ற வேண்டும். கணக்கு வாத்தியார் வேலை. இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அந்நாளில் தனி மதிப்பே இருந்தது.

1994-இல் மூன்றாம் பதிப்பு வந்தது, 'லேயர்' வந்தது. ஒரே படத்தை அடுக்கடுக்கான கண்ணாடித் தாள்களாக வைத்துக்கொள்ளும் வசதி. பின்னணி ஒரு தாளில், உருவம் ஒரு தாளில், பெயர் ஒரு தாளில். எதை வேண்டுமானாலும் உருவலாம், மாற்றலாம், மறுபடி செருகலாம். கார்ட்டூன் படக்காரர்கள் 1914-இலிருந்தே கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தாள்களில் இப்படித்தான் வரைந்தார்கள். அந்த முறைக்குக் காப்புரிமை கேட்டவர் எர்ல் ஹர்ட். இருந்தாலும் கணிப்பொறியில் அது வந்தபோது மனிதனின் வேலை செய்யும் முறையே மாறியது. அதுவரை, யோசித்துவிட்டுக் கை வைக்க வேண்டும். இப்போது, கை வைத்துவிட்டு யோசிக்கலாம். போட்டோஷாப்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வந்த சீர்வரிசை.

அந்தச் சீர்வரிசையில் பெரியது 1998-இன் ஐந்தாம் பதிப்பு. வைத்த எழுத்தை மறுபடி திருத்தலாம். ஒன்றல்ல, இருபது அடி பின்னால் போகலாம். நிழலும் மேடும் ஒரு டிக் அடித்தால் வந்துவிடும். சேனல் கணக்குப் போட்டுப் பெயர் வாங்கியவர்களின் செல்வாக்கு ஒரே நாளில் சரிந்தது. 'அவுட்டர் குளோ', 'பெவல்' என்று உலகத்திலுள்ள பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி உப்பி, ஒரே மாதிரி ஒளிவிட ஆரம்பித்தது அதன் பிறகுதான். வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலேயிருந்து விழுகிறது என்று வைத்துக்கொண்டு எழுத்துக்கு மேடு கொடுப்பது நம் கடைவீதி போர்டு ஓவியர்களுக்குக் கைவந்த கலை. எனாமல் பெயின்டால், ஏணியில் நின்றபடி, தூக்குக் கயிறு பிடித்த கோடுபோல் எழுதுவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதியைத்தான் அந்த டிக் செய்கிறது.

எல்லோரும் போட்டோஷாப் வைத்திருக்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், காசு கொடுத்து வாங்கியவர்கள் மிகச் சிலரே. நம் பக்கத்தில் புழங்கியது பெரும்பாலும் நகல் சி.டி. என்பது ஊரறிந்த சங்கதி. மேல்நாட்டில் பெயர்ப்படக்காரர்களின், குறிப்பாக வீட்டிலிருந்த பெண்களின், விருப்பமான மென்பொருள் 'பெயின்ட் ஷாப் புரோ'. அதைச் செய்த ராபர்ட் வாய்ட் விமானம் ஓட்டுபவர். அதனால்தான் அவர் நிறுவனத்தின் பெயர் 'ஜாஸ்க்', அதாவது ஜெட்ஸ் அண்ட் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலில் பயன்படுத்திப் பார், பிடித்தால் பணம் கொடு என்பது அவர்கள் வியாபார முறை. 2004-இல் கோரல் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அந்த மென்பொருளில் 'ட்யூப்' என்று ஒன்று உண்டு. பின்னணி நீக்கிய உருவங்கள். பேஸ்ட் ட்யூபைப் பிதுக்குவதுபோல, தூரிகையை வைத்தால் பூவோ பொம்மையோ வந்து விழும்.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், பெயர்ப்படத்தில் உள்ள அந்த அழகான உருவத்தை வரைந்தது யார்? பெயருக்கு உரியவர் அல்ல. எங்கிருந்தோ எடுத்தது. ஓவியர்கள் சிலர் தங்கள் படம் ஊரெல்லாம் வேறொருவர் பெயரைச் சுமந்து திரிவதைப் பார்த்து மனம் நொந்தார்கள். பிறகு ஒரு வழக்கம் வந்தது. ஓவியர்கள் ட்யூபை விலைக்கு விற்றார்கள். வாங்கியவருக்கு ஓர் உரிமை எண் கொடுத்தார்கள். பெயர்ப்படத்தின் ஓரத்தில் ஓவியரின் பெயரும் அந்த எண்ணும் பொடி எழுத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். சட்டமும் போலீசும் இல்லாமல், பொழுதுபோக்குக்காகப் படம் செய்த சாதாரண மக்களில் பலர் அதைக் கடைப்பிடித்தார்கள். நம் ஊர் டச்சப் கலைஞருக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் பொடி எழுத்துக்காரருக்குக் கிடைத்தது.

நகல் சி.டி.யும் வேண்டாம், காசும் இல்லை என்பவர்களுக்கு 'கிம்ப்'. பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ், 1995-இல் தொடங்கி 1996-இல் உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது. மாணவர் வேலை! லினக்ஸின் சின்னமான அந்தக் குண்டுப் பெங்குவினை லாரி ஈவிங் 1996-இல் வரைந்தது இதில்தான். கிம்பின் பழைய பதிப்புகளில் பெயர்ப்படம் செய்வதற்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. பெயரைத் தட்டினால் குரோம் எழுத்து, நியான் எழுத்து என்று அதுவே செய்து கொடுத்துவிடும். அந்த நாட்களில் நம் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அது தெரிந்திருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

செய்த படத்தைச் சின்னதாகச் சுருக்கிச் சேமிக்க வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் சொட்டிய காலம். சில கிலோபைட் கூடினாலும் திறப்பவர் சபிப்பார். இரண்டு வழி இருந்தது. ஒன்று 'ஜிஃப்', 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் உருவாக்கியது. மொத்தம் 256 நிறம்தான், ஆனால் அசையும். மழை பெய்யும், நட்சத்திரம் மின்னும். ஊடுருவல் மட்டும் உண்டு அல்லது இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. ஆகவே மென்மையான நிழலைச் சுற்றி வெள்ளை ஓரம் ஒன்று பஞ்சு ஒட்டினாற்போல நிற்கும். அதில் பயன்பட்ட சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 இறுதியில் உரிமைக் கட்டணம் பற்றிய அறிவிப்பு வந்ததும் உலகமே கொதித்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'பி.என்.ஜி.'.

மற்றொன்று 'ஜேபெக்'. அதன் இதயமாக இருக்கும் கணிதத்துக்குச் சொந்தக்காரர் நம் பக்கத்து ஊர்க்காரர். பெங்களூருவில் பிறந்து, அங்கே விசுவேசுவரய்யா பொறியியல் கல்லூரியில் படித்து 1961-இல் பட்டம் பெற்ற நசீர் அகமது. அமெரிக்கா போய்ப் பேராசிரியரானவர், 1972-இல் இந்த யோசனையை ஆராய நிதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்தார். 1974-இல் டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். அது இல்லையென்றால் இன்றைக்கு நம் கைபேசியில் இருக்கும் பேரன் பேத்தி படங்கள் இவ்வளவு சுலபமாக வந்து சேராது. அந்தக் கட்டுரையின் மேலே மூன்று பெயர்கள் உண்டு. படங்களின் மேல் ஒன்றும் இல்லை.

பெயர் என்றதும் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். பழைய கணிப்பொறியில் போட்டோஷாப்பைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். அவ்வளவு நேரமும் திரையில் ஒரு சிறு அட்டை நிற்கும். அதில் அதைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல். அதில் 'சீதாராமன் நாராயணன்' என்று ஒரு பெயர்! உலகம் முழுவதும் ஓவியர்களும் டிசைனர்களும் தினமும் அந்தப் பெயரைப் பார்த்தே வேலையைத் தொடங்கினார்கள். உச்சரிக்கத் தெரியாதவர்கள்கூட மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவருக்கு ரசிகர் கூட்டமே சேர்ந்துவிட்டது. போட்டோஷாப்பின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவரான அவர், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியின், அதாவது இன்றைய என்.ஐ.டி.யின், முன்னாள் மாணவர். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகள், "டேய், நம்மாளுடா!" என்று திரையைத் தொட்டுக் காட்டியதில் ஒரு நியாயம் இருந்தது.

சரி, நம்மாள் பெயர் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நம் பெயரைத் தமிழில் போட முடிந்ததா?

முடிந்தது, அதற்குப் பட்ட பாடு தனிக்கதை. தொண்ணூறுகளில் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்துச் செய்த எழுத்துருக்களே புழக்கத்தில் இருந்தன. 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று வர வேண்டுமானால் ஆங்கில விசைகளில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். கணிப்பொறியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. வேஷம் போட்ட ஆங்கிலம். எழுத்துருவுக்கு எழுத்துரு இருக்கைகளும் வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் '99 மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள், தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஆனாலும் பழைய வழக்கம் விடவில்லை. காரணம், வேஷம் போட்ட எழுத்து போட்டோஷாப்பில் அழகாக வந்தது.

உண்மையான தமிழான யூனிகோடு எழுத்தோ அதே போட்டோஷாப்பில் பல பதிப்புகள் வரை உடைந்து விழுந்தது. யூனிகோடில் 'கொ' என்பது முதலில் 'க', பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். அதைக் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அது ஏற்கவில்லை. கோமதி, தேவி, சேகர், மோகன் என்று கொம்பு உள்ள பெயர்காரர்கள் எல்லோருக்கும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் அச்சகங்களிலும் டிசைன் கடைகளிலும் பாமினியும் அதன் சகோதரர்களும் தொடர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பின்னாளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு போட்டோஷாப்பில் வந்த பிறகுதான் கொம்பு தன் இடத்தில் நின்றது.

இதில் நமக்கு ஒரு கவலை இருக்கிறது நண்பர்களே. நம் துறை விழா அழைப்பிதழ்கள், விளையாட்டு விழா பேனர்கள், பிரிவுபசார மலர்களின் அட்டைகள், அவரவர் பெயர்ப்படங்கள் எல்லாம் அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் இப்படித்தான் செய்யப்பட்டன. அவற்றில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் லேயர்களை ஒன்றாக நசுக்கிச் சேமித்த சிறு ஜேபெக் படம்தான். லேயர்களோடு உள்ள மூலக் கோப்பு யாரிடமாவது கிடைத்தாலும், திறந்ததும் 'எழுத்துரு இல்லை' என்று எச்சரிக்கை வரும். அதை மீறி எழுத்தில் கை வைத்தால் அடுத்த நொடி 'அம்மா' போய், எம், கே, அரைப்புள்ளி வந்து நிற்கும். படம் இருக்கும், நிழல் இருக்கும், மேடு இருக்கும், பெயர் இருக்காது. அந்த எழுத்துருக்களில் பல இன்றைய கணிப்பொறிகளில் இல்லை. செய்தவர்களில் பலர் அவற்றை மறந்தும் விட்டார்கள்.

ஆகவே, இந்தச் சந்திப்புக்கு வரும்போது, வீட்டு அலமாரியில் பழைய சி.டி., பிளாப்பி, ஹார்டு டிஸ்க் ஏதாவது இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். படத்தை மட்டும் அல்ல, அதில் பயன்படுத்திய எழுத்துருவின் கோப்பையும் சேர்த்து. எழுத்துருவின் பெயர் நினைவிருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தாலும் போதும். கூடவே, அந்த அட்டையை வடிவமைத்தது யார், பின்னணிப் படத்தை எடுத்தது யார், எந்த வருடம் என்று தெரிந்த மட்டும் குறித்துக் கொடுங்கள். படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் அவற்றை நகலெடுத்து, திறந்து பார்த்து, பெயர்களை யூனிகோடில் மறுபடி தட்டி வைக்கட்டும். பிளாப்பி படிக்கும் கருவி இன்னும் யாரிடமாவது இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்து வரவும்.